ஓடுவதும் ஓட்டுவதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பசிபிக் கடலில் இருக்கும் குவாம் தீவின் சமோரோ மொழியை இணையப் பாடங்கள் வழியாகக் கற்கத் தொடங்கியிருக்கிறேன். செயப்படுபொருள் குன்றிய வினைகளிலேயே, அதாவது போவது, தூங்குவது போல 'எதை' என்ற கேள்விக்கு இடமில்லாத வினைகளிலேயே, சிக்கி நிற்கிறேன். 'நான் போனேன்' என்பதை 'ஹுமானாவ் ட்ஸு' என்கிறார்கள். வினை முன்னால், 'நான்' பின்னால், எல்லாம் தலைகீழ். 'ஹானாவ்' என்ற வினைக்குள் 'உம்' ஏன் நுழைகிறது என்றும் புரியவில்லை. பாடம் முழுக்க 'நான் தூங்கினேன்', 'பறவை பறந்தது' என்று குழந்தைத்தனமான வாக்கியங்கள். இவற்றைத் தாண்டி நேராக 'நாயைப் பார்த்தேன்' வகைக்குப் போய்விடலாமா? நல்ல செயலி ஏதும் உண்டா? இத்தனை சிறிய மொழியைப் படிப்பதால் பயன் உண்டா?

கா.

அன்புள்ள கா.,

பயன் பார்க்கிற ஆள் சமோரோ பக்கமே வந்திருக்க மாட்டார். நீங்கள் வந்துவிட்டீர்கள், அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். செயலிகளைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது.

'குழந்தைத்தனம்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பேத்திக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. கொஞ்ச நாளாக வேறு வேலை பார்க்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'பூனை போச்சு.' 'தாத்தா வந்தாச்சு.' 'பால் கொட்டிச்சு.' டம்ளரைத் தட்டிவிட்டதே அவள்தான். ஆனால் அவள் கணக்கில் பால் தானாகவே கொட்டிக்கொள்கிறது. போவது, வருவது, விழுவது, தூங்குவது, அழுவது. இவற்றை வைத்துக்கொண்டே அவள் ஒரு வீட்டை ஆள்கிறாள். நீங்கள் என்னடாவென்றால் நாயைப் பார்க்க அவசரப்படுகிறீர்கள்.

பாருங்கள். 'ஹு லியெ இ கலாகு', நான் அந்த நாயைப் பார்த்தேன். இங்கே 'நான்' வினைக்கு முன்னால் வந்துவிட்டது, உருவமும் 'ட்ஸு' இல்லை, 'ஹு'. குறிப்பிட்ட ஒரு பொருளின் மேல் வினை பாய்ந்தால் சமோரோவில் எழுவாய்க்கே வேறு வடிவம். இது பெரிய சிக்கல் என்று மூக்கால் அழாதீர்கள். ஓடுவதற்கும் ஓட்டுவதற்கும், திரும்புவதற்கும் திருப்புவதற்கும், உடைவதற்கும் உடைப்பதற்கும் தனித்தனி வினை வைத்திருக்கிற மொழியில் பிறந்தவர் நீங்கள். ஆங்கிலத்தில் கண்ணாடி உடைந்தாலும் நாம் உடைத்தாலும் ஒரே வினைதான்.

'தலைகீழ்' என்றீர்களே, எதற்குத் தலைகீழ்? ஆங்கிலத்துக்குத்தானே? நம் ஆட்கள் எந்த மொழியைத் தொட்டாலும் ஆங்கிலத்தின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டுதான் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு இதில் தீராத ஆத்திரம் உண்டு. 'போனேன்' என்று சொல்லும்போது ஆள் எங்கே இருக்கிறான்? வினையின் வாலில். சமோரோவிலும் வினைக்குப் பின்னால்தான் நிற்கிறான், கொஞ்சம் இடைவெளி விட்டு. 'நான் ஆசிரியர்' என்று சொல்ல நமக்கு நடுவில் ஒரு வினை தேவையில்லை, அவர்களுக்கும் தேவையில்லை. நாம் என்றால் 'ஹிட்', நாங்கள் என்றால் 'ஹம்'. இந்த வேறுபாட்டை ஆங்கிலக்காரருக்கு விளக்க ஒரு பாடமே வேண்டும், உங்களுக்கு ஒரு வரி போதும்.

உண்மையில் நீங்கள் திணற வேண்டிய இடம் வேறு, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நாங்கள் இரண்டு பேர் போனோம் என்றால் 'ஹுமானாவ் ஹம்'. மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 'மன்ஹானாவ் ஹம்'. ஒருவருக்கும் இருவருக்கும் வினை ஒன்றே. மூன்றாவது ஆள் சேர்ந்ததும் 'உம்' வெளியேறி 'மன்' முன்னால் வந்து நிற்கிறது. அதாவது வாயைத் திறப்பதற்கு முன்பே தலை எண்ணியாக வேண்டும். தமிழ் இதைக் கேட்பதில்லை. 'போனோம்' என்றால் இருவரும் அடக்கம், ஊரே அடக்கம். இதெல்லாம் அட்டவணையைப் பார்த்துப் படித்தால் வராது, கா. தெருவில் நின்று போகிற வருகிற ஆட்களைப் பார்த்துச் சொல்லிப் பழகுங்கள். இருவர் போகிறார்களா, 'ஹுமாஹானாவ் சிஹா'. அசை இரட்டித்தால் வினை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பின்னாலேயே பையன் ஓடிவந்து சேர்ந்துகொண்டானா, உடனே வினையை மாற்றுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1898இல் குவாமைப் பிடித்த அமெரிக்கா அதைக் கடற்படையின் கையில் கொடுத்தது. 1917இல் ஆங்கிலம் மட்டுமே ஆட்சிமொழி என்று ஆணை வந்தது. பள்ளியில் சமோரோ பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தப் பிள்ளைகள் பெற்றோரானபோது, தங்கள் குழந்தைகளிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள். அதனால் பாட்டி பேசுவது புரிந்தும் பதில் சொல்ல வராதவர்கள் அங்கே ஏராளம். அவர்களில் சிலர் நாற்பது, ஐம்பது வயதில் வகுப்பில் உட்கார்ந்து 'மைகோ ட்ஸு', நான் தூங்கினேன், என்று சொல்லிப் பார்க்கிறார்கள். நீங்கள் குழந்தைத்தனம் என்று ஒதுக்கிய அதே வாக்கியம். உங்களை அழவைக்க இதைச் சொல்லவில்லை. அடுத்த முறை அந்தச் சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கட்டும்.

'உம்' ஏன் என்று கேட்டிருந்தீர்கள். முதல் மெய்க்குப் பின்னால் நுழையும்: 'குபு' பறத்தல், 'குமுபு இ பலுமா' பறவை பறந்தது. வினை உயிரில் தொடங்கினால் முன்னாலேயே ஒட்டிக்கொள்ளும். எல்லா வினைக்கும் வராது, 'மைகோ'வுக்கு வரவில்லை பாருங்கள். நடந்தவற்றுக்கும் நடப்பவற்றுக்கும்தான் அது. 'போவேன்' என்றால் உதிர்ந்துவிடும், 'பாரா பை ஹு ஹானாவ்'. இங்கே அந்த 'ஹு' எப்படித் திரும்பி வந்தது என்று உடனே அடுத்த கடிதம் போடாதீர்கள். முதலில் பறவை பறக்கட்டும்.