பைனரி ட்ரீ, அடுக்கு அடுக்காக: வாசகர் கேள்விகள்

சார், ஜாவாவில் லெவல் ஆர்டர், அதாவது பைனரி ட்ரீயின் எண்களை மேலிருந்து அடுக்கு அடுக்காக எடுக்கும் ப்ரோகிராம், எழுதினேன். முதல் அடுக்கிலேயே மூன்று எண்கள் வந்து விழுகின்றன. எங்கே தப்பு?
(கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

ப்ரோகிராமைப் பார்க்காமலே ஊகிக்கலாம். உள் ஃபார் லூப்பின் நிபந்தனையில் க்யூவின் (முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை) சைஸை நேராகப் போட்டிருப்பீர்கள். ஜாவா ஒவ்வொரு சுற்றிலும் அதைப் புதிதாகக் கேட்கும். நீங்களோ உள்ளே பிள்ளை நோடுகளை, அதாவது எடுத்த எண்ணின் கீழே தொங்குபவற்றை, சேர்த்துக்கொண்டே போகிறீர்கள். வேர் 8, அதன் கீழே 3, 10, பிறகு 3-இன் கீழே 1, 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8-ஐ எடுத்ததும் 3, 10 உள்ளே வரும். சைஸ் 2, லூப் சுற்றை எண்ணும் ஐ (i) 1; ஐ சைஸைவிடச் சிறியது, லூப் நிற்காது. 3-ஐ எடுத்தால் சைஸ் 3, ஐ 2, இன்னமும் நிற்காது. 10-உம் போன பிறகுதான் நிற்கும். ஆக முதல் வரி 8, 3, 10. அடுத்து 1 தனியாக, 6 தனியாக.

கொடுங்கையூரில் தண்ணி லாரி வந்ததும் நிற்கிற குடங்களை முதலில் எண்ணிவிடுவார்கள் அல்லவா? நடுவில் வருகிற குடம் அடுத்த சுற்றுக்கு. அப்படியே லூப்புக்கு முன்பே சைஸை ஒரு வேரியபிளில் பிடித்து வையுங்கள். பைத்தானில் ரேஞ்சுக்குள் லென் போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஒரே முறைதான் கணக்கிடப்படும்.

அடுக்கு முடிவுக்கு அடையாளமாக க்யூவில் நல் (null, வெற்று மதிப்பு) போடலாமா?
(தண்டையார்பேட்டை)

போடலாம், எனக்குப் பிடிக்காது. ஜாவாவின் க்யூ வகைகளில் அரேடெக் நல்லை ஏற்காது, எக்ஸெப்ஷன் எறியும். லிங்க்டுலிஸ்ட் ஏற்கும், ஆனால் க்யூ காலியான பிறகும் அடையாளத்தைத் திரும்பப் போட்டால் லூப் முடியவே முடியாது.

பைத்தானில் விடை சரி, பெரிய ட்ரீக்கு மட்டும் டைம் அவுட்.
(திருவொற்றியூர்)

லிஸ்ட்டில் பாப் 0 செய்கிறீர்களா? முதல் ஆளை எடுக்க மீதி எல்லோரும் ஓர் இடம் நகர வேண்டியிருக்கும். கலெக்‌ஷன்ஸில் இருக்கும் டெக்கை எடுத்து, பாப்லெஃப்ட் போடுங்கள். அவ்வளவுதான்.

இன்டர்வியூவில் க்யூ இல்லாமல் செய்யச் சொன்னார்கள். முடியுமா?
(ராயபுரம்)

முடியும். ரிகர்ஷனில், அதாவது ஃபங்ஷன் தன்னையே அழைக்கும்போது, ஆழத்தையும் கூடவே அனுப்புங்கள். அந்த ஆழத்துக்குரிய லிஸ்ட்டில் மதிப்பைச் சேருங்கள். இடது பிள்ளையை முதலில் அழைத்தால் வரிசையும் சரியாக வரும். ஒரே பக்கமாக நீண்ட ட்ரீயில்தான் சிக்கல்: பைத்தானின் ரிகர்ஷன் வரம்பு வழக்கமாக 1000. அதே ட்ரீயில் க்யூ ஒரு நோடுக்கு மேல் பிடிக்காது. மாறாக முழுதும் நிரம்பிய ட்ரீ என்றால் கடைசி அடுக்கிலேயே பாதிக்கு மேற்பட்ட நோடுகள் இருக்கும். அங்கே க்யூதான் அதிக மெமரி தின்னும். இன்டர்வியூவில் அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்.