வலை கிழிந்தால் வலையை மட்டும் மாற்றுங்கள்: நீச்சல் குளக் கருவிகள் வாங்குமுன்

வாசகர் கேள்வி: டைல்ஸ் பதித்த சின்ன நீச்சல் குளம் எங்களுடையது. நாங்களேதான் சுத்தம் செய்கிறோம். நான்கு வருடத்தில் மூன்று இலை வலை, இரண்டு கம்பு, இரண்டு பிரஷ், ஒரு ஹோஸ் தூக்கிப் போட்டாயிற்று. இப்போது பேட்டரியில் ஓடும் ரோபோவும் நின்றுவிட்டது. இவ்வளவு பிளாஸ்டிக்கைக் குப்பையில் போட மனசு வரவில்லை. நாள்பட உழைக்கிற, ரிப்பேர் செய்துகொள்ள முடிகிற கருவிகளை எப்படிப் பார்த்து வாங்குவது? திரும்பவும் ரோபோ வாங்கலாமா?

பதில்:

உங்கள் பட்டியலைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: அந்த இரண்டு கம்புகளில் உண்மையில் கெட்டுப்போனது எது? குழாயே மடங்கிப் போயிருந்தால் சரி, வேறு வழியில்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. கம்பை நீட்டி முறுக்கினால் பூட்டிக்கொள்ளாது. தண்ணீருக்குள் விட்டு அழுத்தினால் சர்ரென்று உள்ளே போய்விடும். "கம்பு போச்சு" என்று முடிவு கட்டிவிடுவோம்.

அந்தக் கம்பின் உள்குழாயை முழுதாக வெளியே உருவிப் பாருங்கள். அதன் முனையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். மையம் சற்று விலகியிருக்கும்படி செய்தது, 'கேம்' என்பார்கள். குழாயை முறுக்கும்போது அது ஒரு பக்கமாக ஒதுங்கி வெளிக்குழாயின் உட்சுவரை இறுக்கிப் பிடிக்கிறது. அது தேய்ந்துவிட்டாலோ, நடுவில் மணலும் அலுமினியத்தின் வெள்ளைப் பொடியும் சேர்ந்துவிட்டாலோ பிடி போய்விடும். பாதி நேரம் நல்ல தண்ணீரில் இரண்டு குழாயையும் அலசி, துணி சுற்றிய குச்சியை உள்ளே விட்டுத் துடைத்தாலே பிடித்துக்கொள்ளும். மீதி நேரம் கேமை மட்டும் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும். ஒரு ஸ்க்ரூ வேலை. கெட்டது ஒரு சின்னத் துண்டு, குப்பைக்குப் போனது ஓர் ஆள் உயர அலுமினியம்.

அதனால் எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் விலையையோ பெட்டியில் போட்டிருக்கும் படத்தையோ பார்க்கும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: இதில் முதலில் போகப்போவது எது, அது தனியாகக் கிடைக்குமா? கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

கம்பிலிருந்தே தொடங்குவோம், மற்ற எல்லாம் அதன் முனையில்தான் மாட்டுகிறது. வழக்கமான குளக் கம்பின் வாய் ஒன்றேகால் அங்குலம், அதாவது சுமார் 32 மில்லிமீட்டர். அதன் பக்கத்தில் கால் அங்குல ஓட்டைகள் இருக்கும். வலை, பிரஷ், வாக்கும் ஹெட் (தரை அழுக்கை உறிஞ்சும் தலை) எதுவானாலும் அதன் கழுத்துக்குள் 'வி' வடிவ ஸ்பிரிங் கிளிப் ஒன்று இருக்கும். அதன் இரண்டு குமிழ்களும் இந்த ஓட்டைகளில் வந்து உட்காரும். இந்த அளவு பொதுவானது என்பதால் ஒரு கம்பெனியின் கம்பில் இன்னொரு கம்பெனியின் பிரஷை மாட்டலாம். இப்போது 'ஒரே அழுத்தில் மாட்டலாம்' என்று சொந்த அளவில் மூட்டு வைத்த கருவிகளும் வருகின்றன. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாடலை நிறுத்திவிட்டால் கம்பு நன்றாக இருந்தும் அதில் மாட்ட ஒன்றும் கிடைக்காது. நான் வாங்க மாட்டேன்.

முடிந்தால் கேம் உள்ளே இருக்கும் கம்பைவிட, பூட்டு வெளியே இருக்கும் கம்பாகப் பாருங்கள். தேய்மானம் கண்ணுக்குத் தெரியும், ஸ்க்ரூவை முடுக்கி இறுக்கத்தைச் சரிசெய்யலாம், பூட்டு உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். அலுமினியம் என்றால் தடித்த சுவரும் அனோடைஸ் செய்த (அரிக்காதபடி கெட்டிப்படுத்திய) மேற்பரப்பும் வேண்டும். பிடித்தால் கையில் சாம்பல் நிறம் ஒட்டக் கூடாது. ஃபைபர்கிளாஸ் கம்பு விறைப்பாக இருக்கும், உப்பு அரிக்காது. ஆனால் வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் மேல்பூச்சு போய், கண்ணாடி இழை முள் மாதிரி கையில் ஏறும். இன்னொன்று: குளத்துக்கு மேலோ பக்கத்திலோ மின்கம்பி போனால் அலுமினியக் கம்பை முழுதாக நீட்டித் தூக்கவே தூக்காதீர்கள். அது நேரே மின்சாரத்தைக் கடத்தும்.

அப்புறம் அந்த 'வி' கிளிப். அத்தனை கருவியிலும் மிக மலிவான பாகம், மிக அடிக்கடி போகிற பாகமும் அதுதான். பிளாஸ்டிக் கிளிப் மடிப்பில் விரிசல் விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வலைக்கு வருவோம். மூன்று வலை போயிற்று என்கிறீர்கள். கிழிந்ததா, கழுத்து உடைந்ததா? கழுத்து உடைந்தது என்றால் பாதித் தவறு கையாள்வதில் இருக்கிறது. நனைந்த இலை என்ன கனம் கனக்கும் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். வலை நிறைய அள்ளி, நீண்ட கம்பின் முனையில் வைத்து அப்படியே மேலே தூக்கினால், அத்தனை பாரமும் ஃபிரேம் கைப்பிடியோடு சேரும் அந்த இரண்டு விரல் அகலத்தில்தான் இறங்கும். தூக்காமல் கரைவரை இழுத்து வந்து, விளிம்பில் சாய்த்துக் கவிழ்த்தாலே வலையின் ஆயுள் கூடும்.

வலை கிழிவதுதான் பிரச்சினை என்றால், வாங்கும்போது ஃபிரேமின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். சில ஃபிரேம்களில் ஒரு பள்ளம் ஓடும், அதற்குள் ஒரு கயிறு வலையை அழுத்திப் பிடித்திருக்கும். ஜன்னல் கொசுவலையில் ரப்பர் கயிறு இருக்குமே, அதே ஏற்பாடு. கயிற்றை உருவினால் வலை கையோடு வந்துவிடும், புது வலையை வைத்துக் கயிற்றைத் திரும்ப அழுத்தலாம். சூடாக்கி ஒட்டிய வலையில் இது நடக்காது. அலுமினிய ஃபிரேமும் மாற்றக்கூடிய வலையும் சேர்ந்தால் ஃபிரேமைப் பற்றி ரொம்ப நாளைக்கு மறந்துவிடலாம். சின்னக் கிழிசலை மீன்பிடி நைலான் நரம்பால் தைத்துக்கொள்ளுங்கள். பருத்தி நூல் இற்றுப்போகும்.

பிரஷ் விஷயத்தில் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. உதிர்ந்த நாரைத் திரும்ப நட முடியாது, தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். டைல்ஸுக்கு நைலான் நார்தான். எஃகு நார் பிரஷ் சிமெண்ட் பூச்சுக் குளத்துக்கானது. டைல்ஸைக் கீறும், வினைல் விரிப்பைக் கிழித்தே விடும். 'எஃகு' என்று மொட்டையாக எழுதியிருந்தால் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். நல்ல ஸ்டெயின்லெஸ் கம்பி லேசாக இழுத்தாலும் இழுக்கும். டப்பென்று ஒட்டிக்கொண்டால் சாதாரண எஃகு. அதிலிருந்து ஒரு கம்பி உதிர்ந்து தரையில் தங்கினாலும் துருக்கறை விழும். உப்புநீர்க் குளம் என்றால் ஸ்க்ரூ, கிளிப் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நல்லது. அதில் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் வழக்கமான 304 ரகத்தைவிட உப்பை நன்றாகத் தாங்கும்.

பிரஷை நார் கீழே இருக்கும்படி சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒரே மாதத்தில் நார் ஒரு பக்கம் படுத்துவிடும். தலைகீழாக மாட்டுங்கள்.

ஹோஸில் நீங்கள் நிச்சயம் ஏமாந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஹோஸ் நடுவில் வெடிப்பது அபூர்வம். பம்ப் காற்றை இழுக்கிறது, வாக்கும் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், மடங்கி மடங்கி, ஒரு கீறல் விழுந்திருக்கும். சுருள் வரிப்பள்ளத்தை ஒட்டியே கூரான கத்தியால் அந்தத் துண்டை வெட்டி எடுங்கள். வெட்டிய துண்டிலிருந்து முனைக் கப்பை (மாட்டுவதற்கான பிளாஸ்டிக் மூட்டு) திருகிக் கழற்றி, மீதி ஹோஸின் முனையில் திருகி ஏற்றுங்கள். மரை வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும் ஹோஸ்களும் உண்டு, ஒரு பக்கம் ஏறவில்லை என்றால் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரு சாண் குறைந்த ஹோஸ் இன்னும் சில வருடம் ஓடும். கப்பை ஒட்டியே கொடுத்திருந்தால் இந்த வேலை நடக்காது, அதனால் வாங்கும்போதே திருகு கப் தானா என்று பார்க்க வேண்டும். பொருளில் பாலிஎத்திலீனைவிட ஈ.வி.ஏ. என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், லேசில் விரிசல் விடாது. சுழலும் கப் உள்ள முனைதான் வாக்கும் ஹெட்டில் மாட்ட வேண்டியது. மாற்றி மாட்டினால் ஹோஸ் முறுக்கேறி, திரும்பவும் அதே ஒரு சாண் இடத்தில் கீறும்.

வாக்கும் ஹெட்டில் சக்கரங்கள்தான் முதலில் தேயும். அச்சு ஸ்க்ரூவில் நிற்கிறதா, சக்கரம் தனியாக விற்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

இனி ரோபோ. சின்னக் குளம் என்கிறீர்கள், நாலு பக்கமும் கம்பு எட்டும் என்றால் ரோபோ வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நல்ல வாக்கும் ஹெட், ஹோஸ், ஏற்கெனவே இருக்கிற பம்ப்: வேலை முடிந்தது. தானாகவே நடக்க வேண்டும் என்றால் பம்பின் உறிஞ்சலிலேயே ஊர்ந்து போகும் டயஃப்ரம் (துடிக்கும் ரப்பர் சவ்வு) வகை கிளீனரைப் பாருங்கள். அதில் மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, சர்க்யூட் போர்டு இல்லை. தேய்வது ரப்பர் டயஃப்ரமும் அடியில் இருக்கும் பாதத் தட்டும்தான், இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கிற பாகங்கள். சத்தம் போடும், மெதுவாகப் போகும், பார்க்க அழகில்லை. உழைக்கும்.

ரோபோதான் வேண்டும் என்றால் வயர் வைத்தது வாங்குங்கள். வயர் சிக்கும், எரிச்சல் வரும், தெரியும். ஆனால் லித்தியம் பேட்டரி ஒவ்வொரு சார்ஜுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வரும். மற்ற எல்லா பாகமும் நன்றாக இருக்கும்போதே ரோபோவை நிறுத்திவிடும். தண்ணீர் புகாமல் இருக்க உடம்பை ஒட்டி மூடிவிட்டார்கள் என்றால் பேட்டரியோடு முழு ரோபோவும் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி விதிப்படி 2027 பிப்ரவரி 18 முதல் கருவிகளில் இருக்கும் சிறு பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். ஆனால் முக்கியமாகத் தண்ணீரில் வேலை செய்யும் கருவிகளுக்கு அதில் ஒரு விலக்கு உண்டு; வெளி ரிப்பேர்காரர் மாற்ற முடிந்தால் போதும். கருவியை வாங்கும்முன் நீங்களும் குறைந்தபட்சம் அதையாவது கேளுங்கள்: பேட்டரியை வெளியில் ஒரு ரிப்பேர்காரர் மாற்ற முடியுமா?

வயர் ரோபோவில் பிரஷ், பெல்ட், ஃபில்டர் கூடை, பேரிங், வயர் எல்லாம் மாற்றக்கூடியவை. மோட்டார் பெட்டி மட்டும் சீல் வைத்தது, அதைப் பொதுவாக மொத்தமாகத்தான் மாற்றுவார்கள். நீங்களாகத் திறக்காதீர்கள்; சீல் ஒருமுறை பிரிந்தால் தண்ணீர் உள்ளே போகும். விற்பவருக்கு ஒரு மெயில் போட்டு பிரஷ், பெல்ட், மோட்டார் பெட்டி மூன்றுக்கும் பாக எண் கேளுங்கள். எண் வந்தால் ரிப்பேர் செய்யக்கூடிய ரோபோ. "வாரண்டி இருக்கிறது சார், கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தால் யோசியுங்கள். வாரண்டியில் புதுசு தருவார்கள், சரி. பழசு எங்கே போகும்? குப்பைக்குத்தான். உங்கள் பணம் தப்பும், குப்பை குறையாது.

என் கைக்கு வந்த ஒரு வயர் ரோபோ இரண்டு நிமிடம் ஓடிவிட்டு நின்றுவிடும். சர்வீஸ் சென்டரில் மோட்டார் போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேலே இருக்கும் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் விசிறி) மூடியின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே தண்டில் தலைமுடி நூல்கண்டு போலச் சுற்றிக் கிடந்தது, கூடவே ஒரு ரப்பர் பேண்ட். தண்டு சுற்றத் திணறியதால் மோட்டார் அதிக மின்சாரம் இழுத்து, பவர் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்தியிருக்கிறது. வெட்டி எடுத்தேன், ஓடியது.

நின்றுபோன உங்கள் ரோபோவிலும் முதலில் இதைப் பாருங்கள். அடுத்து சார்ஜ் ஏறும் பின்களில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா என்று பார்த்துத் துடையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், பேட்டரி மாற்றித் தருபவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். உடம்பு உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம். எப்படியும் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்கழிவு சேகரிப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பராமரிப்பில் ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கருவிகளைக் குளோரின் டப்பாவும் ஆசிட்டும் இருக்கும் அதே அறையில் வைக்காதீர்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் கசியும் ஆவி ஸ்க்ரூவையும் ஸ்பிரிங்கையும் அரித்துவிடும், நீங்கள் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வேறு நிழலான இடத்தில், நல்ல தண்ணீரில் அலசிவிட்டு வையுங்கள். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களுக்கு சிலிகான் கிரீஸ். பெட்ரோலியம் ஜெல்லி சில ரப்பர்களை உப்ப வைக்கும்.

இப்போதைக்கு மொத்தமாக எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் மூலையில் போட்டிருக்கும் பழைய கம்பு ஏதாவது மிச்சம் இருந்தால் கேமைக் கழற்றி, அதையே கடைக்கு எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்குங்கள். ஒரு டப்பாவில் கேம் ஒன்று, கிளிப் நாலு, ஓ-ரிங் சில போட்டு வையுங்கள். புதுக் கருவி வாங்கிய அன்றே அதன் மாடல் எண்ணையும் பாக எண்களையும் அழியாத மையில் அந்த டப்பா மூடியின் உட்பக்கத்தில் எழுதிவிடுங்கள். உங்களுக்குத் தேவைப்படும் நாளில் கருவி மேல் இருக்கும் ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப் போயிருக்கும்.