பழகிய பிராண்டை விடலாமா? மலையேற்றம் செல்லும் வாசகருக்குப் பதில்

கேள்வி: பல ஆண்டுகளாக மலையேற்றம் செல்கிறேன். ஷூ, முதுகுப்பை, மழை ஜாக்கெட் எல்லாமே ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள். எங்கள் குழுவில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு பிராண்ட் உண்டு. அதை யாராவது குறை சொன்னால் சண்டைக்கே வந்துவிடுவார்கள். பழைய ஷூ தேய்ந்துபோனதால், அதே மாடலை அதே அளவில் புதிதாக வாங்கினேன். பெருவிரலை அழுத்துகிறது. போட்டுப் பழகினால் சரியாகுமா, வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமா? அடுத்து பாறையேற்றம் கற்கப்போகிறேன். ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டை), காராபினர் (வாய் திறந்து மூடும் உலோக வளையம்), கயிறு எல்லாவற்றையும் இதே நிறுவனத்திலிருந்து வாங்குவதுதான் பாதுகாப்பா?

பதில்: முதலில் ஷூவை முடித்துவிடுவோம். காத்திருக்க வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தோல் ஷூ பழகப் பழக அகலவாக்கில் சற்று இளகும். நீளவாக்கில் இம்மியும் வளராது. சமதரையில் நிற்கும்போதே பெருவிரல் நுனி முட்டுகிறது என்றால், இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் பாதம் முன்னால் நகர்ந்து இடிக்கும். இரண்டு மணி நேர இறக்கம் போதும், நகம் கறுத்துவிடும்.

அதே மாடல், அதே அளவு, பிறகு ஏன் கடிக்கிறது? உங்கள் குழுவின் சண்டைக்கான விடையும் பாதி இதில்தான் இருக்கிறது. எந்த ஷூவும் பாத வடிவில் செதுக்கிய ஓர் அச்சின் மீதுதான் தைக்கப்படுகிறது. விரல்களின் அடிப்பகுதியில் எவ்வளவு அகலம், புறங்காலுக்கு எவ்வளவு உயரம், குதிகால் எவ்வளவு இறுக்கமாக அமர வேண்டும் என்பதையெல்லாம் அந்த அச்சுதான் தீர்மானிக்கிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் நீளத்தைப் பற்றித் தோராயமாக ஏதோ சொல்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று சில அச்சுகளை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அவற்றிலேயே ஷூ தைக்கிறது. அவற்றில் ஒன்று ஒருவருடைய பாதத்தோடு ஒத்துப்போய்விட்டால், அவர் அந்தப் பிராண்டை விட்டு நகரமாட்டார். ஏன் நகர வேண்டும்? கொப்புளம் இல்லாமல் நாள் முழுவதும் நடக்கக் கொடுத்து வைத்தவர் அவர். “இந்தக் கம்பெனி ஷூதான் உலகத்திலேயே சிறந்தது” என்று அவர் சொல்லும்போது, “இவர்களுடைய அச்சு என் காலைப் போலவே இருக்கிறது” என்று எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே வாதிடும் நண்பரின் பாதம் வேறு, அதனால் அவருடைய முடிவும் வேறு. இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

பிராண்ட் பற்றுக்கு இதைவிட நேர்மையான காரணம் இல்லை என்பது என் கருத்து. ஆனால், அந்தப் பற்று அச்சு மாறாத வரைக்கும்தான் செல்லும். புதிய பதிப்பு வரும்போது மாடலின் பெயரை வைத்துக்கொண்டு அச்சை மட்டும் மாற்றுவது இந்தத் தொழிலில் சகஜம். உங்களுக்கும் அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம். சரிபார்க்க எளிய வழி உண்டு. பழைய ஷூ, புதிய ஷூ இரண்டிலிருந்தும் உள்தட்டை உருவி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். எங்கே குறுகியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். அடுத்து, புதிய உள்தட்டைத் தரையில் போட்டு அதன்மேல் முழு எடையுடன் நில்லுங்கள். விரலோ பாதத்தின் ஓரமோ தட்டைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு ஆகாது, அது யார் செய்ததாக இருந்தாலும் சரி. வேறு ஷூ பார்க்கப் போகும்போது, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், மலைக்குப் போட்டுச் செல்லும் அதே காலுறையுடன் போய், சரிவான பலகையில் இறங்கிப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு, பழைய பதிப்பு எங்காவது மிச்சமிருந்தால் மூன்று ஜோடியாக வாங்கி அடுக்கிவிடலாம் என்று தோன்றும். தீவிரப் பற்றாளர்கள் பலர் அப்படிச் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கனமான மலையேற்ற ஷூக்கள் பலவற்றில் நடுத்தட்டு பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். அணியாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் அது பொடிந்து, நடக்கும்போதே அடித்தட்டு கழன்று விழும். மேல்தோல் புத்தம் புதிதாகப் பளபளத்துக்கொண்டிருக்கும். ஊரை விட்டு வெகுதூரம் போன பிறகு இப்படி நடந்தால் எவ்வளவு பெரிய தொல்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அணிவது ஒன்று, அடுத்ததாக ஒன்று, அதற்கு மேல் சேர்க்க வேண்டாம்.

காலைப் போலவே கைக்கும் பழக்கம் உண்டு. பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தேட உதவும் கருவிகள், எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும், 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன. ஆகவே உங்கள் கருவியால் மற்றவர் கருவியைக் கண்டுபிடிக்க முடியும். ஆனால், தேடல் நிலைக்கு மாற்றும் விசை எங்கே இருக்கிறது, திரையில் அம்புக்குறி எப்படி நகரும் என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒருவர் புதைந்திருக்கும்போது நிமிடங்கள்தான் அவகாசம். அந்த நடுக்கத்தில் விரல் தானாகப் போய் விழும் இடத்தில் விசை இருக்க வேண்டும். பாறையேற்றத்தில் ஒருவர் விழுந்தால் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவிகளும் இப்படித்தான். கை பழகிய கருவியை விட்டு மாறத் தயங்குவதைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் ஆபத்தில்லாத இடத்தில் நிறையப் பயிற்சி செய்துவிட்டு மாறுங்கள்.

வேறு வழியில்லாமல் ஏற்படும் பற்றும் உண்டு. மலைச் சைக்கிளில் ஷிமானோ நிறுவனத்தின் எண்ணெய் பிரேக்குக்குக் கனிம எண்ணெய் ஊற்ற வேண்டும். ஸ்ராம் நிறுவனம் தன் பிரேக்குகளில் நீண்டகாலமாக டாட் என்ற வேறு வகை பிரேக் திரவத்தைப் பயன்படுத்தி வந்தது. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்புகள் கெட்டுவிடும். முகாம் அடுப்புகளில் மரையுள்ள காஸ் உருளைகள் பல நிறுவனங்களுக்கும் பொது, காம்பிங்காஸ் நிறுவனத்து உருளையின் வால்வோ வேறு வகை. ஒரு முறை வாங்கியபின் அதைச் சுற்றியே மற்றதையும் வாங்க வேண்டியிருக்கும். வாங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பழுதுபார்த்துக் கொடுக்கும் நிறுவனத்தின் மீது வரும் பற்றை நான் மிகவும் மதிக்கிறேன். முதுகுப்பையில் முதலில் போவது ஜிப்பும் கொக்கியும்தான். அதற்காகப் பையையே தூக்கி எறிய வைக்காமல், கொக்கியை மட்டும் தனியாக அனுப்பிவைக்கும் நிறுவனத்தை எப்படி மறக்க முடியும்? எல்.எல்.பீன் நிறுவனத்தின் கதை இதற்குப் பொருந்தும். 1912ல் அதை நிறுவிய பீன் விற்ற முதல் 100 ஜோடி வேட்டைக் காலணிகளில் 90 ஜோடி தையல் பிரிந்து திரும்பி வந்தன என்பார்கள். அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் வாங்கி, காலணியைத் திருத்திச் செய்தார். அந்த நேர்மைதான் அந்தப் பெயரை ஒரு நூற்றாண்டுக்கு நிறுத்தியது. அதே நிறுவனம் 2018ல், காலவரையின்றித் திருப்பிக் கொடுக்கலாம் என்ற விதியை ஓராண்டாகக் குறைத்துவிட்டது. ஆகவே உத்தரவாதத்தை நம்பி ஒரு பிராண்டில் இருப்பவர்கள், இப்போது நடைமுறையில் உள்ள விதியைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். நிறுவனங்கள் கைமாறுவதும் உண்டு. 1966ல் சிறு கடையாகத் தொடங்கிய நார்த் ஃபேஸ், 2000ல் வி.எஃப். குழுமத்திடம் போனது. சாலமன் 1997ல் அடிடாஸிடமும் 2005ல் ஏமர் ஸ்போர்ட்ஸிடமும் போய், 2019ல் சீனாவின் ஆன்டா நிறுவனம் தலைமையிலான கூட்டமைப்பின் கீழ் வந்தது. இதனால் தரம் கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. பெயர் மாறாமல் இருந்தாலும், அதன் பின்னால் முடிவெடுப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

கொள்கைக்காக ஒட்டிக்கொள்பவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவான் ஷூனார் 1970 வாக்கில் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய பாறையேற்றக் கருவி வியாபாரி. பாறையில் அடிக்கும் இரும்பு ஆணிகள்தான் அவருடைய பிழைப்பு. அந்த ஆணிகளை அடித்து அடித்துப் பிடுங்குவதால் பாறைகள் சிதைகின்றன என்று கண்டதும், 1972ல் தன் விற்பனைக் கையேட்டிலேயே ஆணிக்குப் பதில் பாறை வெடிப்பில் கையால் செருகி எடுக்கும் உலோகக் கட்டைகளைப் பயன்படுத்துங்கள் என்று வாதிட்டார். அவர் நிறுவிய படகோனியா, 2011ல் “இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்” என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் விளம்பரம் செய்தது. மலையை நேசிப்பவர்களுக்கு இது நெஞ்சைத் தொடும் காரியம். அந்த மதிப்பு நியாயமானது. என்றாலும் ஒரு நிறுவனத்தின் கொள்கை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதன் பை உங்கள் இடுப்பில் சரியாக அமர வேண்டும் என்ற அவசியம் இல்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். ஷூவால் சம்பாதித்த நம்பிக்கையை ஹார்னஸுக்கு மாற்றிக்கொடுக்கப் பார்க்கிறீர்கள். இது எப்படி நடக்கிறது என்று புரிகிறது. கடும் மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் பத்திரமாகத் திரும்பி வந்த நாளில் நம் உடம்பில் எது இருந்ததோ, அதுதான் காப்பாற்றியது என்று மனம் பதிவுசெய்துகொள்ளும். நாம் எடுத்த நல்ல முடிவுகள், கூட வந்தவர்கள், தற்செயலாக வெறித்த வானம், எல்லாம் பின்னுக்குப் போய் ஜாக்கெட்டின் மார்பில் இருக்கும் சின்னம் மட்டும் நிற்கும். பத்து ஆண்டுகளாக ஒரு ஹெல்மெட் கைவிடவில்லை என்று சொல்பவரிடம், அந்தப் பத்து ஆண்டுகளில் தலையில் கல் விழுந்ததா என்று கேளுங்கள். விழாவிட்டால் அந்த ஹெல்மெட் இன்னும் தேர்வே எழுதவில்லை.

வெறுப்பும் இதே வழியில்தான் வருகிறது. “அந்தக் கம்பெனி ஜாக்கெட் ஒழுகுகிறது” என்று கைவிடுபவர்கள் ஏராளம். கோர்-டெக்ஸ் போன்ற ஜாக்கெட்டுகளில் நீரைத் தடுக்கும் மெல்லிய படலம் உள்ளே இருக்கிறது. வெளித்துணியின் மேல் நீர் முத்துமுத்தாக உருண்டோடச் செய்யும் பூச்சு ஒன்று உண்டு. அழுக்கும் வியர்வை எண்ணெயும் படிந்து அந்தப் பூச்சு செயலிழந்தால், வெளித்துணி நனைந்து கனத்துவிடும். உடம்பின் ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே நீராகப் படியும். அதைத்தான் ஒழுகல் என்று நினைக்கிறோம். அதற்குரிய சோப்பில் அலசி, மிதமான சூட்டில் உலர்த்தினால், பெரும்பாலும் பூச்சு உயிர்பெற்றுவிடும். இல்லையென்றால் புதிதாகப் பூசலாம். அந்தப் படலத்தைச் செய்வது ஒரு நிறுவனம், ஜாக்கெட் தைப்பவை பல நிறுவனங்கள். ஷூ அடித்தட்டிலும் இதே கதைதான். 1935ல் இத்தாலிய ஆல்ப்ஸில் உடன் வந்தவர்களில் ஆறு பேரைப் பறிகொடுத்த விதாலே பிரமானி, பாறையிலும் பனியிலும் பிடிக்கும் ரப்பர் அடித்தட்டை 1937ல் உருவாக்கினார். அவர் பெயரைக் கொண்ட விப்ரம் அடித்தட்டு, ஒன்றோடொன்று போட்டியிடும் எத்தனையோ பிராண்டுகளின் ஷூக்களில் இருக்கிறது. எதிரெதிர் அணியில் நின்று சண்டையிடும் உங்கள் நண்பர்கள் தங்கள் ஷூக்களைக் கவிழ்த்துப் பார்க்கட்டும்.

பாறையேற்றக் கருவிகளில் பிராண்டுக்கு முன்னால் தரமுத்திரையைப் பாருங்கள். சி.இ. முத்திரையும் அதனுடன் ஐரோப்பியத் தர எண்ணும் இருக்க வேண்டும்: காராபினருக்கு இ.என். 12275, ஹார்னஸுக்கு இ.என். 12277, இழுபட்டு நீளும் கயிற்றுக்கு இ.என். 892. சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் யு.ஐ.ஏ.ஏ. முத்திரையும் இருந்தால் இன்னும் நல்லது. காராபினரின் முதுகில் பொறித்திருக்கும் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சாதாரண வகைக்கு நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன் (விசையை அளக்கும் அலகு) தாங்க வேண்டும். வாய் திறந்திருந்தாலோ குறுக்குவாக்கில் இழுபட்டாலோ குறைந்தபட்சத் தேவை 7 மட்டுமே. எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் வாய் திறந்த காராபினர் பலவீனமானதுதான்.

ஆகவே ஹார்னஸ் ஒரு நிறுவனத்தினுடையது, கயிறு இன்னொரு நிறுவனத்தினுடையது என்று கலந்து வாங்குவதில் தவறே இல்லை. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிலே கருவியின் மீது அது ஏற்கும் கயிற்றின் தடிமன் பொறித்திருக்கும். நீங்கள் வாங்கும் கயிறு அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். துணியாலும் இழையாலும் ஆன பொருள்களை, வரலாறு தெரியாமல், பழையதாக வாங்க வேண்டாம். பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும், தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று பல நிறுவனங்களின் கையேடுகளே சொல்கின்றன. கருவியின் தொகுதி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குறைபாடு கண்டு திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால், உங்களுடையதும் அதில் சேருமா என்று உடனே பார்த்துவிடலாம்.

முதுகுப்பையையும் ஜாக்கெட்டையும் இப்போது மாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை, அவற்றிலேயே தொடருங்கள். ஹார்னஸை மட்டும் நின்ற நிலையில் போட்டுப் பார்த்து முடிவுசெய்துவிடாதீர்கள். கயிற்றில் மாட்டி சில நிமிடங்கள் தொங்க வேண்டும். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே அமர்ந்து கீழே நழுவாமல் இருக்கிறதா, தொடைப் பட்டை மரத்துப்போகும் அளவுக்கு அழுத்துகிறதா என்பது அப்போதுதான் தெரியும். வாங்குமிடத்தில் அதற்கு வசதி இல்லையென்றால், பயிற்சி தொடங்கும் வரை பொறுத்திருந்து, பயிற்சியாளரிடம் இருக்கும் இரண்டு மூன்று வகைகளில் தொங்கிப் பார்த்தபின் வாங்குங்கள்.