லைட்டர் மேடையேறும், மிஷின் ஏறாது

அன்புள்ள ஐயா,

ட்ரம்ப், பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியது) என்று மக்கள் ஆவேசமாக ஓட்டுப் போடுவதற்குப் பொருளாதாரமே காரணம் என்று படித்தேன். ‘இலவசம் கொடுத்துக் கெடுப்பதுதான் பாப்புலிசம்’ என்கிறார் அப்பா. டீக்கடையிலோ, ‘வடக்கன் வந்து வேலையெல்லாம் போச்சுல்லா’ என்கிறார்கள். எது சரி?

ஒரு வாசகர், பாவூர்சத்திரம்

அன்புள்ள தம்பி,

முதலில் அப்பா. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோதும் வீண்செலவு என்றார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்தார்கள். கலர் டிவி விஷயத்தில் அவரோடு சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் நீங்கள் கேட்கும் ஆவேசம் கொடுப்பதில் இல்லை. ‘உன் வாயில் மண்ணைப் போட்டவன் இவன்தான்’ என்று ஆளைக் காட்டுவதில் இருக்கிறது. பாப்புலிசம் என்று நான் சொல்வது அதைத்தான்.

கோவில்பட்டியைப் பாருங்கள். தீப்பெட்டித் தொழிலுக்கு இரண்டு பக்கமும் அடி. ஒன்று, பெட்டிக்கடையில் தொங்கும் சீன லைட்டர். மற்றொன்று முழு இயந்திரம். குச்சியை மருந்தில் முக்குவது முதல் பெட்டியில் அடைப்பது வரை அதுவே பார்த்துக்கொள்ளும். மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கிய பெண்களுக்கு வேலை இல்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18. 2020-ல் இரண்டுக்கும் 12 என்றாகி, கைத்தொழிலுக்கு இருந்த அந்தச் சின்ன அனுகூலமும் போனது.

லைட்டர் பிரச்சினை டெல்லி வரை போய், 2023-ல் 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. கோரிக்கை நியாயம்தான். ஆனால் மிஷினுக்கு எதிராக அப்படி மேடை போட்டு நான் பார்க்கவில்லை. மிஷின் வைத்திருப்பவர் உள்ளூர்க்காரர், கோயில் கொடைக்கு அள்ளிக் கொடுப்பவர். சீனாக்காரனுக்கு இங்கே ஓட்டா இருக்கிறது?

அமெரிக்கக் கதையும் கிட்டத்தட்ட இதே. சீன இறக்குமதியால் 1999 முதல் 2011 வரை அங்கே 20 லட்சம் வேலைகளாவது போயின என்று பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டோரும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டார்கள். மலிவுச் சாமானின் லாபம் நாடெங்கும் சிதறியது, நஷ்டமோ சில ஊர்களின் தலையில் மொத்தமாக இறங்கியது. 2016-க்குள் அந்த ஊர்களின் ஓட்டு ட்ரம்ப் கட்சிப் பக்கம் சாய்ந்ததையும் அவர்களே பிறகு காட்டினார்கள். வெறும் வறுமை இதைச் செய்யாது. நேற்று நிமிர்ந்து நடந்த ஊர் இன்று குனிய வேண்டிவந்தால் செய்யும்.

உங்கள் டீக்கடைக்காரர்களிடம் ஒன்று கேளுங்கள்: பீடி சுற்றும் வேலையை எந்த வடக்கன் பறித்தான்? நம் பையன்கள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போன இடத்தில்தான் அவன் சாந்துச்சட்டி தூக்குகிறான்.

இப்படி ஆளைக் காட்டி ஆள்வதன் விளைவு மெதுவாகத்தான் வரும். 1900-லிருந்து 2020 வரை ஆண்ட 51 பாப்புலிசத் தலைவர்களை ஃபுங்கே, ஷுலாரிக், டிரெபெஷ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் ஆராய்ந்தார்கள். 15 ஆண்டுகளில் தலைக்கு வருமானம், வந்திருக்க வேண்டியதைவிட சுமார் 10 சதவீதம் குறைவு.

அவ்வளவு காலம் ஆட்சி தாங்குமா என்று கேட்பீர்கள். தாங்கும். 2016 நவம்பர் 8 ராத்திரி, கருப்புப் பணக்காரனுக்கு அடி என்று புழக்கத்திலிருந்த பணத்தில் 86 சதவீதத்தைச் செல்லாது என்றது மத்தியில் ஆண்ட பா.ஜ.க. அரசு. அதில் 99 சதவீதம் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டது. முக்கூடல் பக்கம் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று ரொக்கமாகக் கூலி வாங்கிய பெண்கள், மடியில் தட்டை வைத்து இலை வெட்ட வேண்டிய நேரத்தில் வங்கி வாசலில் நின்றார்கள். நாலு மாதம் கழித்து நடந்த உத்தரப்பிரதேசத் தேர்தலில் அதே கட்சிதான் ஜெயித்தது. வங்கி வரிசையில் அன்று நான் கேட்ட சமாதானம் இது: “நமக்குக் கஷ்டந்தான். ஆனா அவனுக்கும் கஷ்டம்லா!”