சோறும் இடமும் மட்டும் தரும் இல்லத்துக்கும் மனநலப் பதிவு தேவையா?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில், மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக அறக்கட்டளையின் பெயரில் ஒரு சிறிய இல்லம் நடத்துகிறோம். இப்போது 18 பேர் தங்கியிருக்கிறார்கள். பெரும்பாலோரைக் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தார்கள். சிலரைக் காவல்துறையினர் கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் சிகிச்சை தருவதில்லை. மாதம் ஒருமுறை மனநல மருத்துவர் வந்து பார்த்து மருந்து எழுதித் தருகிறார். எங்களுக்கும் மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வேண்டும். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், ‘நாங்கள் சிகிச்சை தருவதில்லை’ என்ற காரணத்துக்காக யாரையும் விட்டுவிடுவதில்லை. மனநோய் உள்ளவர்களைப் பராமரிப்புக்காகவோ மறுவாழ்வுக்காகவோ தற்காலிகமாகத் தங்கவைத்தாலே அது மனநல நிறுவனம்தான். ஒருவர் தன் உறவினரோடு அல்லது நண்பரோடு வாழும் வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. மது, போதைப்பொருளால் வரும் மனநலக் கோளாறுகளையும் சட்டம் மனநோய்க்குள் சேர்த்திருப்பதால், போதை மீட்பு மையங்களும் இதற்குள் வருகின்றன.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று இன்றைய சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது.

பதிவைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். முதலில் தற்காலிகப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் முறையாக இருந்தால், முன்விசாரணை இல்லாமலே 10 நாட்களுக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது சட்டம். அது 12 மாதங்களுக்குச் செல்லும். அதற்குள் இடவசதி, பணியாளர் தகுதி, பதிவேடுகள் ஆகிய மூன்றிலும் குறைந்தபட்சத் தரத்தை எட்டப் பாருங்கள். பதிவில்லாமல் நடத்தினால் முதல்முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து மீறினால் 5 லட்சம் வரை போகும். பதிவில்லாத இடம் என்று தெரிந்தே பணிபுரியும் மனநல நிபுணருக்கும் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மாதாமாதம் வரும் உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அவரை அறியாமலே சிக்கலில் மாட்டிவிடக் கூடாது.

என் கவலையெல்லாம் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரியைப் பற்றித்தான்: குடும்பத்தார் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தார்கள் என்பது. இந்தச் சட்டத்தில் குடும்பத்தின் கையெழுத்து மட்டும் செல்லாது. தங்கப்போகிற பெண்ணின் விருப்பம்தான் முதலில். அவரே சம்மதித்துச் சேர்ந்தால் அது சுயேச்சை அனுமதி. அப்படிச் சேர்ந்தவர் ‘நான் போகிறேன்’ என்றால் அனுப்பித்தான் ஆக வேண்டும். மனநல நிபுணர் நிறுத்திவைத்துப் பரிசோதிக்க அதிகபட்சம் 24 மணி நேரம்தான் அவகாசம். வாசல் கதவைப் பூட்டிவைக்கும் இல்லங்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சம்மதம் சொல்லும் நிலையில் அவர் இல்லையென்றால் வழியே வேறு. அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர், விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பெண் என்பதால் 3 நாட்களுக்குள் மனநல சீராய்வு மன்றத்துக்கு (இப்படிப்பட்ட சேர்க்கைகளைச் சரிபார்க்க இந்தச் சட்டம் அமைத்த குழு) தெரிவிக்க வேண்டும். இதன்படி 30 நாட்கள்தான் வைத்திருக்கலாம். அதற்கு மேல் இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் மன்றத்தின் ஒப்புதலும் தேவை. மாதம் ஒருமுறை மருத்துவர் வரும் இல்லத்தால் இதைச் செய்ய முடியாது என்பது என் கருத்து. அந்த நிலையில் இருப்பவர்களை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். தேறிய பின், அவர்கள் விரும்பினால் உங்களிடம் வரட்டும்.

ஆகவே இந்த வாரமே 18 பேருக்கும் தனித்தனிக் கோப்பு போடுங்கள். எப்படி வந்தார், யார் சேர்த்தார், இப்போது இங்கே இருக்க விரும்புகிறாரா, தன் சார்பில் பேச யாரை நியமிக்கிறார் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். பதில் வர நாளாகும். ஆண்டுக்கணக்கில் யாரும் எதையும் கேட்டிராத பெண்கள் முதல் தடவையிலேயே வாய் திறந்து சொல்லிவிட மாட்டார்கள். திரும்பத் திரும்பக் கேளுங்கள். பேன் தொல்லை என்று கட்டாயமாக மொட்டையடிப்பதும், சமையலுக்கும் துப்புரவுக்கும் கூலியில்லாமல் வேலை வாங்குவதும் 20ஆம் பிரிவுக்கு எதிரானவை. அன்போடு நடத்தும் இல்லங்களிலும் இந்த இரண்டும் நடக்கின்றன.

காவல்துறை கொண்டுவருகிறவர்களை நேரடியாகச் சேர்க்காதீர்கள். 100ஆம் பிரிவின்படி, ஆதரவின்றித் திரிபவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குத்தான் அவர்கள் அழைத்துச் செல்ல வேண்டும். மருத்துவர் பரிசோதித்து எழுதிய அறிக்கையைப் பார்த்த பிறகு பேசுங்கள்.

வீட்டுக்குத் திரும்ப ஆசைப்பட்டும் குடும்பம் ஏற்காத பெண்களும் உங்களிடம் இருப்பார்கள். குடும்ப வீட்டில் வாழும் உரிமையை நிலைநாட்டச் சட்ட உதவி உட்பட அரசு துணை நிற்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அவர்கள் சார்பில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை.