நர்ஸ் வேண்டாம், துணைக்கு ஓர் ஆள் போதும் என்றால்?

மும்பை செம்பூரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு நோய் ஒன்றும் இல்லை, பகலில் ஓர் ஆள் கூட இருந்தால் தேவலை, யாரை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தேவை துணையாள். ஊசி போடுவது, கட்டு மாற்றுவது அவர் வேலை இல்லை. மாத்திரை நேரத்தை நினைவுபடுத்தலாம். வங்கிக்கோ கோயிலுக்கோ கூடப் போவது, மொபைலில் கரண்ட் பில் கட்டித் தருவது, முக்கியமாகப் பேச்சுத்துணை. 2022இல் ரத்தன் டாடாவின் முதலீட்டோடு மும்பையில் தொடங்கிய குட்ஃபெல்லோஸ் என்ற நிறுவனம், படித்த இளைஞர்களை இதற்கென்றே அனுப்புகிறது.

மொழிதான் பெரிய சிக்கல். அம்மாவின் இந்தி காய்கறிக்காரரோடு முடிந்துவிடும் என்றால், மணிக்கணக்கில் அதில் என்ன பேசுவார்? தமிழ் பேசுகிறவர் வேண்டுமானால் செம்பூர், மாட்டுங்கா கோயில்களிலும் சொசைட்டி வாட்ஸாப் குழுவிலும் முதலில் விசாரியுங்கள்.

சமையல், துணி துவைப்பது இதில் சேராது என்று அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். மனத்தாங்கல் அங்கேதான் ஆரம்பிக்கும். போலீஸ் சரிபார்ப்பை விடாதீர்கள். ஏடிஎம் பின் நம்பர் யார் கைக்கும் போகக் கூடாது. சந்தேகம் கேட்க மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, இலவசம்.

முதலில் வாரத்தில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். அம்மாவுக்குப் பிடித்துப்போனால் அப்புறம் நாளைக் கூட்டலாம்.