ஆன்லைனில் கர்நாடக சங்கீதம் உருப்படியாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா? எப்படி?

முடியும். ஆனால் வீட்டுக் கூடத்தில் எடுத்த வகுப்பை அப்படியே ஜூமுக்குத் தூக்கிக்கொண்டு போனால் முடியாது. நான் அதைத்தான் செய்தேன்.

2020 ஊரடங்கில் முதல் நாள், ஆறு பிள்ளைகளையும் சேர்ந்து சரளி வரிசை, அதாவது ஸ ரி க ம என்று தொடங்கும் முதல் பாடம், பாடச் சொன்னேன். ஒன்று ரியில் நிற்கிறது, ஒன்று கவுக்குப் போய்விட்டது, சந்தைக்கடை தோற்றது. பிள்ளைகள் மேல் தப்பில்லை. குரல் இணையத்தில் போய்ச் சேர நொடியில் ஒரு சின்னப் பங்கு பிந்தும். பேசும்போது அது உறைக்காது, தாளத்தில் உடனே உறைக்கும். எவ்வளவு வேகமான இணைப்பு போட்டாலும் முழுக்கப் போகாது.

அப்புறம் முறையை மாற்றினேன். நான் ஒரு வரி பாடுவேன், ஒருவர் மட்டும் திருப்பிப் பாடுவார். மற்றவர்கள் மியூட்டில் கூடவே பாட வேண்டும், தொடையில் தட்டும் கை கேமராவில் தெரிய வேண்டும். பிள்ளை பாடும்போது நான் தாளம் போடுவதே இல்லை. என் தட்டு அதற்குப் பிந்தித்தான் கேட்கும், அதற்காகப் பிள்ளை இழுக்கும், எனக்கு இன்னும் பிந்திக் கேட்கும். காலப்பிரமாணம், அதாவது மாறாமல் நிற்க வேண்டிய வேகம், போயே போய்விடும்.

தம்புராவும் அவரவர் வீட்டிலேயே ஓடட்டும். நீங்கள் போட்டால் ஜூம் அதை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும். அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒன்று இருக்கிறது, இரண்டு பக்கமும் அதைப் போட்டுவிடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கைகொடுத்தது வாட்ஸப் பதிவுதான். செவ்வாய் இரவுக்குள் அந்த வாரப் பாடத்தை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாடி அனுப்ப வேண்டும். ஒரு வருஷமாக என் எதிரிலேயே உட்கார்ந்து பாடிய ஒரு பெண், ஸ்வரங்கள் இரட்டை இரட்டையாக வரும் ஜண்டை வரிசையை அனுப்பினாள். ஸஸ ரிரி என்பதில் இரண்டாவது ஸ்வரத்துக்கு விழ வேண்டிய அழுத்தமே இல்லை, இரண்டும் ஒரே தட்டையாக. கூடத்தில் ஆறு குரலுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது, எனக்குக் கேட்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. பதிலுக்கு நான் அரை நிமிடக் குரல் பதிவு அனுப்புவேன், ஒரே ஒரு திருத்தம்தான். நாலு சொன்னால் நாலும் நடக்காது.

மிருதங்கத்தோடு சேர்ந்து பாடிப் பழகுவது மட்டும் இதில் நடக்காது, அதற்கு நேரில்தான் வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. அமெரிக்கப் பிள்ளைகள் இருந்தால் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்: நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். நியூ ஜெர்சியில் இரவு 8 மணி என்பது நமக்கு விடியற்காலை 5.30 ஆக இருந்தது, அன்றிலிருந்து 6.30. முதல் வருஷம் இது தெரியாமல் தலைகூடக் காயாமல் வந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் என் முகத்தையே திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.